சென்றுதேய்ந்து இறுதல்: நாவல் நடுவில் நின்றுபோனால் பழுதை எங்கே தேடுவது?

#1 பாதிவரைவு

நாவல் தொடங்கும்போது கிடைக்கிற சுகத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சில அத்தியாயங்கள் தாமாக வந்து விழும். பாத்திரங்கள் பேசப் பேச நாம் எழுதிக்கொண்டே போவோம். பிறகு ஓரிடத்தில் நிற்கும். நின்றது நின்றதுதான்.

இப்போது கையில் இருப்பது இது: இலக்கு 60,000 சொல், எழுதியது 22,000. 14 காட்சிகள் முடிந்துவிட்டன. 15ஆவது காட்சியின் தொடக்கம் ஐந்து விதமாக எழுதப்பட்டு, ஐந்தும் உயிரில்லாமல் கிடக்கின்றன. கதை சிக்கலானதும் இல்லை. இறந்துபோன தந்தையின் கடிதம் ஒன்று தங்கைக்குக் கிடைக்கிறது, அதை அண்ணனும் தேடுகிறான்.

"தினமும் உட்காருங்கள்", "மனம் தளராதீர்கள்" வகைப் பதில்கள் வேண்டாம். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மைக்கூடு

இந்த நோய்க்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று அடுக்குகிறார். அதில் ஒன்பதாவது, சென்றுதேய்ந்து இறுதல். நன்றாகப் புறப்பட்டு, போகப் போக மெலிந்து, அடங்கிப்போவது. அவர் சொன்னது இலக்கணம் போன்ற நூல்களுக்கு. நாவலுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் பழுது இருப்பது அரிது. பெரும்பாலும் அது இரண்டு மூன்று காட்சிகளுக்கு முன்னால் இருக்கும். 15ஐ ஐந்து முறை எழுதியும் சரிவரவில்லை என்றால் 15ஐ விட்டுவிடுங்கள், ஆறாவது முறையும் அதேதான் நடக்கும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். காட்சி எண். அந்தக் காட்சியில் யார் எதை விரும்புகிறார். எது தடுக்கிறது. காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே வரி, பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. 14 காட்சிக்கு ஒரு மணி நேரம் போதும். எழுதியதைத் திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து நிரப்புங்கள். நினைவில் வராத காட்சி வாசகர் நினைவிலும் நிற்காது, அதுவே ஒரு தடயம்.

நிரப்பி முடித்ததும் கடைசி இரண்டு கட்டங்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள். "தடுப்பது" காலியாக இருக்கிற முதல் காட்சி எதுவோ, அதுதான் பழுதான இடம்.

#3 அடிக்கோடு

மைக்கூடு சொன்னதோடு ஒரு சோதனை. "எது மாறியிருக்கிறது" என்ற கட்டத்தில் "வருந்துகிறான்", "நினைத்துப் பார்க்கிறாள்", "புரிந்துகொள்கிறாள்" என்றெல்லாம் எழுத வேண்டி வந்தால் அதைக் காலி என்றே எண்ணுங்கள். மனதுக்குள் நடப்பது மாற்றம் இல்லை என்பதல்ல. அது ஒரு செயலாக வெளியே வரும்வரை அடுத்த காட்சியை அது தள்ளாது.

#4 பாதிவரைவு

செய்தாயிற்று. 1 முதல் 10 வரை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. 11 முதல் 14 வரை மட்டும் இங்கே போடுகிறேன்.

11: தங்கை பழைய கோப்புகளில் தந்தையின் இறுதிக் கணக்கைத் தேடுகிறாள் / பூட்டிய இழுப்பறை / கணக்குக்குப் பதில் கடிதம் கிடைக்கிறது.
12: அண்ணன் கடிதத்தைக் கேட்கிறான் / (காலி) / தங்கை கொடுத்துவிடுகிறாள்.
13: அண்ணன் படிக்கிறான் / (காலி) / வருந்துகிறான், பெட்டியோடு கிளம்பிவிடுகிறான்.
14: தங்கை தனியே இருக்கிறாள் / (காலி) / தந்தையைப் பற்றி நினைத்துப் பார்க்கிறாள்.
15: அண்ணன் திரும்பி வருகிறான். இங்கேதான் நிற்கிறது.

#5 மைக்கூடு

12தான். கேட்டதும் கொடுத்துவிடுகிறாள். 11 காட்சிகளாக ஏற்றிவைத்த பாரம் அத்தனையும் அந்த ஒரு கையளிப்பில் இறங்கிவிட்டது. 13இல் அண்ணனுக்குத் தேட எதுவும் இல்லை, 14இல் தங்கைக்கு மறைக்க எதுவும் இல்லை. 15இல் அவன் ஏன் திரும்பி வருகிறான் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. தெரியாததால்தான் ஐந்து தொடக்கமும் செத்துக் கிடக்கின்றன.

12இல் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அண்ணன் கேட்கிறான், "அப்படி எதுவும் கிடைக்கலையே அண்ணா" என்கிறாள். அவ்வளவுதான். 13இல் அவன் நம்பாமல் கிளம்புகிறான். 14இல் அவள் கடிதத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். எரிப்பதா, ஒளிப்பதா, இன்னொருவரிடம் கொடுப்பதா? 15இல் அவன் பெட்டி இல்லாமல் திரும்பி வருகிறான். பெட்டி இல்லை என்றால் அவன் ஊருக்கே போகவில்லை, எங்கோ பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று பொருள்.

13, 14ஐ இன்னும் திருத்தாதீர்கள். 12இன் ஓரத்தில் "இங்கே பொய் சொல்கிறாள்" என்று மட்டும் குறித்துவிட்டு, ஏற்கெனவே திருத்தியாயிற்று என்று வைத்துக்கொண்டு நேரே 15ஐ எழுதுங்கள். பின்னோக்கித் திருத்தத் தொடங்கினால் முதல் அத்தியாயத்துக்கே போய்ச் சேருவீர்கள், முதல் வரைவு ஒருநாளும் முடியாது.

#6 நாழிகை

கட்டம் போடுவது சரி. நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, கட்டத்தில் அவை தெரியாது.

ஒன்று, தகவல் பஞ்சம். பாத்திரம் கப்பல் பொறியாளர் என்றால், காலையில் எழுந்ததும் அவர் கை எதைத் தொடும் என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை எழுத முடியாது. "அன்று வேலை கடினமாக இருந்தது" என்று பொதுவாகப் போகும், தேய்ந்துவிடும். இதற்கு மருந்து, அந்த வேலை பார்ப்பவரிடம் அரை மணி நேரம் பேசுவது. "உங்க வேலை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் பொதுப்பதில்தான் வரும். "போன தடவை எது உடைஞ்சது? முதல்ல எதைக் கழட்டுனீங்க? யார் திட்டுனாங்க?" என்று கேளுங்கள்.

இரண்டு, தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத் தொடர்வது. 80 பக்கம் சேர்ந்த பிறகு இப்படிச் செய்தால் நல்ல நேரம் முழுவதும் படிப்பதிலேயே போகும். மேலும் அந்த 80 பக்கமும் கண்ணுக்குப் பழகித் தேய்ந்துபோய், நல்லவையும் சப்பென்று தோன்றும். முந்தைய நாளின் கடைசி இரண்டு பக்கம் மட்டும் படியுங்கள்.

மூன்று, வற்றும்வரை எழுதுவது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாலும் தவறில்லை. கீழே மறுநாளுக்கு ஒரு வரி: "அடுத்து: அவன் சாவியைப் பார்த்துவிடுகிறான்". அந்த ஒரு வரி மறுநாள் காலையில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். மீதி 38,000. நாளுக்கு 300 சொல் என்றால் 127 நாள். வாரம் ஐந்து நாள் எழுதினால் 25, 26 வாரம். ஆறு மாதம் என்று தெரிந்தால் "இது எப்போது முடியும்" என்ற பதற்றம் பாதி அடங்கும்.

#7 வினையெச்சம்

சொல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு மறுப்பு. தமிழில் அது ரப்பர் அளவுகோல். "வரவில்லையென்றால்" ஒரு சொல், "வரவில்லை என்றால்" இரண்டு. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்" கூட ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஆங்கிலத்தில் ஒரு நாவலுக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் எண்ணிக்கையை அப்படியே இங்கே இலக்காக வைத்தால் புத்தகம் எதிர்பார்த்ததைவிடத் தடிமனாகும். அதற்குப் பதிலாகக் காட்சியை அளவாக வையுங்கள். வாரத்துக்கு இரண்டு காட்சி.

#8 நாழிகை

காட்சி ஒன்று 600 சொல்லாகவும் இருக்கும், 4,000 ஆகவும் இருக்கும். 4,000 சொல் காட்சி நடக்கும் வாரத்தில் "இரண்டு முடிக்கவில்லை" என்று மனம் உடையும். எதையாவது சீராக எண்ணத்தான் வேண்டும். அஞ்சல்துறை வேலை பார்த்துக்கொண்டே 47 நாவல் எழுதிய ஆன்டனி ட்ரொலோப் கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். 1883இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அந்த வேகம் நமக்கு வேண்டியதில்லை. பிரித்தும் சேர்த்தும் எழுதுவதில் ஒரே முறையை வைத்துக்கொண்டால் அளவுகோல் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றாகவே இருக்கும். வேறொருவருடைய அளவோடு ஒப்பிடாதவரை ரப்பராக இருந்தாலும் கெடுதல் இல்லை.

#9 வினையெச்சம்

கால் மணிக்கு 250 என்ற கணக்கில் ஒரு நல்ல வாக்கியத்துக்காகக் காத்திருக்க இடமில்லை. அந்தக் காத்திருப்பில்தான் எழுத்தின் இன்பம் முழுவதும் இருக்கிறது. இதில் நாம் உடன்படப்போவதில்லை, விட்டுவிடுவோம்.

#10 பாதிவரைவு

15 நகர்கிறது! நான்கு பக்கம். முதல் பத்தி மட்டும் இன்னும் மரக்கட்டையாக இருக்கிறது:

"கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. மெல்ல எழுந்து சென்று கதவைத் திறந்த அவள், அங்கே தன் அண்ணன் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு ஒருவித அதிர்ச்சியை உணர்ந்தாள்."

#11 அடிக்கோடு

பழுதுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "தட்டப்படும்": யார் தட்டுகிறார் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று செயப்பாட்டுவினை போட்டிருக்கிறீர்கள். "யாரோ கதவைத் தட்டினார்கள்" என்றாலே அது வந்துவிடும். "சத்தம் கேட்டது": தட்டினால் கேட்கத்தான் செய்யும். "மெல்ல எழுந்து சென்று": மெல்ல எழ அவளுக்கு ஒரு காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். "அங்கே": கதவுக்கு வெளியே, வேறெங்கே. "ஒருவித அதிர்ச்சியை உணர்ந்தாள்": இதுதான் பெரிய குற்றம். என்ன வித அதிர்ச்சி என்று எழுதுகிறவர் முடிவு செய்யாமல் வாசகரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்.

கணினியில் தேடிப் பார்க்க வேண்டிய சொற்கள் சில: ஒருவித, ஏதோ, மெல்ல, சட்டென்று, ஒரு கணம், உணர்ந்தான், தோன்றியது, கொண்டிருந்த. ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். "கொண்டிருந்த" பாதியாகக் குறைந்தாலே நடை எழுந்து நிற்கும். "பார்த்துக்கொண்டிருந்தான்" என்று எழுதிய இடத்தில் பத்துக்கு ஏழில் "பார்த்தான்" போதும்.

என் பரிந்துரை:

"கதவைத் திறந்தாள். அண்ணன். கையில் பெட்டி இல்லை."

#12 வினையெச்சம்

நறுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கமும் இப்படி வெட்டிவெட்டி வந்தால் தந்தி படிப்பதுபோல் ஆகிவிடும். வாக்கியம் குட்டையாக இருந்தால்தான் விறுவிறுப்பு என்ற நம்பிக்கை மெத்தப் பரவியிருக்கிறது, தமிழின் கட்டுமானத்தோடு அது ஒட்டவில்லை.

தமிழில் முற்றுவினை கடைசியில் வரும். வினையெச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, என்ன நடந்தது என்பதைக் கடைசிச் சொல்வரை பிடித்துவைக்க முடியும். வினையை முன்னாலேயே சொல்லிவிடுகிற மொழிகளில் எழுதுபவர்கள் இதைச் சுற்றிவளைத்துத்தான் செய்ய வேண்டும். நமக்கு அது கைக்குள்ளேயே இருக்கிறது. பாருங்கள்:

"தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒரு சாண் அளவு திறந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தவள், பெட்டியில்லாமல் நின்ற அண்ணனைக் கண்டதும் கடிதம் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்."

21 சொல். அதிர்ச்சி என்ற சொல்லே இல்லை. கை பின்னால் போவது கடைசியில் வருகிறது, வாசகருக்கு அங்கேதான் சுருக்கென்று தைக்கும். "கொண்டுபோனாள்" என்பதை முன்னால் எடுத்துவந்து பாருங்கள், கதவு திறப்பதற்குள் ரகசியம் கசிந்துவிடும்.

நீள வாக்கியம் கெட்டுப்போவது நீளத்தால் இல்லை. எச்சங்களுக்கு நடுவே எழுவாய் மாறினால் கெடும். "அவன் கதவைத் தட்ட, அவள் எழுந்து, குழந்தை அழ, பால்காரர் கூப்பிட்டு" என்று ஆளுக்கொரு எச்சமாகப் போனால் வாசகர் தொலைந்துபோவார். நன்னூல் பட்டியலில் அதற்கும் பெயர் இருக்கிறது, மயங்க வைத்தல். நீக்கி, திறந்து, பார்த்து, கொண்டுபோனாள் நான்கும் அவள் ஒருத்தியின் செயல் என்பதால்தான் மேலே உள்ள வாக்கியம் நிற்கிறது.

#13 அடிக்கோடு

ஒப்புக்கொள்கிறேன். இது என்னுடையதைவிட நல்ல வாக்கியம். "அளவு" மட்டும் வேண்டாம், "ஒரு சாண் திறந்து" போதும். 20 ஆகிவிடும்.

#14 மைக்கூடு

இந்தக் கடைசி மூன்று பதிவுகளில் நடந்ததுதான் எழுதுபவரின் சந்தோஷம் என்று தோன்றுகிறது. 18 சொல்லில் மரக்கட்டையாகக் கிடந்த ஒன்று, கை எங்கே போகிறது என்று கண்டுபிடித்ததும் உயிர்பெறுகிறது. பரிசு, பாராட்டு, அச்சில் பெயர் எல்லாம் வந்து போகும், நம் கையிலும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு மேசையில் உட்கார்ந்த ஆளுக்கு மட்டும், உட்கார்ந்த அந்த நேரத்திலேயே கிடைப்பது. திருத்தம் என்றாலே தண்டனைபோல் பேசுகிறோம். முதல் வரைவு கல்லை உடைத்து எடுப்பது, சிற்பவேலை முழுவதும் திருத்தத்தில்தான்.

#15 பாதிவரைவு

திருத்தத்தை எந்த ஒழுங்கில் செய்வது? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்தால் எதுவும் கண்ணில் படுவதில்லை.

#16 ஒற்றுப்பிழை

ஒரே மூச்சில் பார்க்கவே கூடாது. முதல் வரைவு முடிந்ததும் நான்கு முதல் ஆறு வாரம் தொடாமல் வையுங்கள். அதற்குள் திறந்தால், எழுதியிருப்பதைப் படிக்க மாட்டீர்கள், எழுத நினைத்ததைத்தான் படிப்பீர்கள்.

பிறகு சுற்று சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் காட்சிகளின் வரிசை, தேவையற்ற காட்சிகள். இரண்டாவதில் பெயர், வயது, கிழமை, பருவம், யார் யாரை "நீ" என்கிறார், யார் "நீங்க" என்கிறார். நாவல்களில் மிக அதிகமாகத் தவறுவது இந்த நீ/நீங்கதான். 3ஆம் அத்தியாயத்தில் அண்ணனை "நீங்க" என்ற தங்கை 9இல் "நீ" என்பாள், காரணமே இருக்காது. மூன்றாவது சுற்று வாக்கியம். நான்காவது எழுத்துப்பிழை, ஒற்று. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெட்டி எறியப்போகும் காட்சிக்கு ஒற்றுத் திருத்தி உட்கார்ந்திருப்பது வீண் உழைப்பு.

உரையாடலுக்கு ஒரு தனித்தாள் வேண்டும். "போயிட்டான்", "போய்ட்டான்", "போயிட்டாரு" எது யார் வாயில் வரும் என்று பாத்திரத்துக்கு நான்கைந்து சொல் குறித்துவையுங்கள். பேச்சுவழக்கின் இந்த வடிவங்களை எல்லாம் அகராதியில் பார்த்துச் சரிசெய்ய முடியாது, அந்தத் தாள்தான் அகராதி.

ஒற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. கைமாறு வேறு, கைம்மாறு வேறு. பொருளே மாறுகிறது. எல்லா விதியையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் முதலில் நான்கைக் கைவசப்படுத்துங்கள்: "ஐ" வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் மிகும் (கதையைப் படித்தான்); "கு" வந்தால் மிகும் (அவனுக்குக் கொடுத்தாள்); "வந்த", "பார்த்த" போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது (வந்த பையன்); எழுவாய்க்குப் பின் மிகாது (தம்பி போனான்). உரைநடையில் வரும் ஒற்றுப்பிழைகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். அடுத்து ஒருமை பன்மை: "செய்திகள் வந்தது" அல்ல, "செய்திகள் வந்தன". "முயற்சிக்கிறான்" என்பதைவிட "முயல்கிறான்" நல்லது.

மெய்ப்புப் பார்க்கும்போது எழுத்துருவையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள், பக்கம் புதிதாகத் தெரியும். கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்குப் பின்னோக்கி வாருங்கள். கதை இழுக்காது, பிழை மட்டும் தெரியும். கணினியை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பதும் உண்டு. இயந்திரத்துக்கு ஊகிக்கத் தெரியாது, விடுபட்ட சொல்லை விட்டுவிட்டே படிக்கும், உடனே இடறும்.

#17 கால்வாங்கி

கணினி என்றதும் சொல்ல வேண்டியவை. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் சில உண்டு.

"ஔ" என்ற ஒரே எழுத்துக்குப் பதில் "ஒ" போட்டு "ள" தட்டியிருப்பார்கள். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. "எ" இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான "௭" உட்கார்ந்திருக்கும். "ர்" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் இருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளிலும், படத்திலிருந்து எழுத்தாக மாற்றியவற்றிலும் இவை அதிகம். "கொ" கூட இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. பாத்திரத்தின் பெயரை "எல்லாவற்றையும் மாற்று" கொடுத்த பிறகும் சில இடங்களில் பழைய பெயர் மிஞ்சினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெயரில் கொ, மோ, சௌ வகை எழுத்து இருந்தால் மாற்றியபின் ஒரு தடவை கண்ணாலும் பாருங்கள்.

எழுதும்போது தெரியாத தகவல் வந்தால் எழுந்துபோய்த் தேடாதீர்கள். @@ என்று போட்டுவிட்டு நகருங்கள். தமிழ் உரையில் அந்தக் குறி வராது, பிறகு தேடினால் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

பிரதி எடுப்பது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரே பிரதியோடு இருப்பதன் ஆபத்து பழைய கதை. தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய வரலாற்றின் முதல் தொகுதியின் கைப்பிரதியை 1835இல் நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். அங்கே அது எரிந்துபோனது. முழுத் தொகுதியையும் மறுபடி எழுதினார், நூல் 1837இல் வந்தது. கோப்புக்குப் "புதியது", "புதியது கடைசி" என்று பெயர் வைக்காமல் தேதியைப் பெயராக வையுங்கள்.

#18 பின்னட்டை

முடித்த பிறகு வரும் சோர்வு வேறு வகை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிக்கக் கொடுப்பதென்றால் மூன்று பேருக்குக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எங்கே கீழே வைத்தீர்கள், எந்தப் பக்கத்தைத் தாவினீர்கள், எங்கே ஆள் குழம்பியது, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அங்கே பழுது உறுதி. அவர்கள் சொல்லும் தீர்வை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிவரைவுக்கு 15இல் வலித்தது, நோய் 12இல் இருந்தது. வாசகர்களும் வலிக்கிற இடத்தைத்தான் காட்டுவார்கள்.

இதழ்களுக்கு அனுப்பினால் வருவது மறுப்பைவிட மௌனம்தான் அதிகம். படைப்பு, சொல் அளவு, எங்கே, எந்தத் தேதி, என்ன பதில் என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன காலக்கெடு தாண்டினால் இரண்டு வரி நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் தவறே இல்லை. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா என்பதை அவர்களுடைய விதியில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது "உரிமையை மாற்றித் தருகிறேன்" என்றிருக்கிறதா, "வெளியிட அனுமதி தருகிறேன்" என்றிருக்கிறதா என்பது. முதலாவது வீட்டை விற்பது, இரண்டாவது வாடகைக்கு விடுவது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. அச்சுக்கு மட்டும் பேசியிருந்தால் அச்சுக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். எத்தனை ஆண்டு, புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

உரிமைத்தொகை "10 சதவீதம்" என்றால் எதில் 10 என்று கேளுங்கள். அட்டை விலை 100 என்று வைத்துக்கொண்டால் அட்டை விலையில் 10 சதவீதம் என்பது 10. விற்பனையாளர் கழிவு 40 போக நிகர வரவு 60 என்றால், நிகரத்தில் 10 சதவீதம் என்பது 6. இரண்டு ஒப்பந்தத்திலும் எண் ஒன்றுதான், கைக்கு வருவது 40 சதவீதம் குறைகிறது.

#19 பாதிவரைவு

பின்னட்டை சொன்னதை எடுத்து வைத்துக்கொள்கிறேன், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு ஒரே கேள்வி. நடுவில் தேய்வதற்கு வழி தெரிந்துவிட்டது. முடிவிலும் அப்படித் தேய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி அத்தியாயம் தோராயமாக மனதில் இருக்கிறது: அண்ணனும் தங்கையும் கடிதத்தைச் சேர்ந்து படிக்கிறார்கள், தந்தையைப் புரிந்துகொள்கிறார்கள்.

#20 அடிக்கோடு

"புரிந்துகொள்கிறார்கள்". #3ஐ மறுபடி பாருங்கள்.

#21 மைக்கூடு

முடிவை எழுதிய பிறகு கடைசிப் பத்தியைக் கையால் மூடிவிட்டு அதற்கு முந்தைய பத்தியோடு நிறுத்திப் படியுங்கள். கதை முடிந்துவிட்டதாகத் தோன்றினால் மூடியதை வெட்டுங்கள். அதற்கும் முந்தையதோடு நிறுத்திப் பாருங்கள். வெட்ட முடியாத பத்தி வரும்வரை மேலே போங்கள். பெரும்பாலும் இரண்டு பத்தி போகும், சில சமயம் ஒரு பக்கமே போகும். போவது எல்லாம் கதை சொல்லி முடித்ததற்கு எழுதுபவர் எழுதிக்கொண்ட விளக்கவுரையாக இருக்கும். கூறியது கூறல்.

ஒரே முடிவோடு நிற்கவும் வேண்டாம். ஹெமிங்வே "எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்" நாவலின் முடிவை 39 தடவை மாற்றி எழுதியதாக 1958இல் பாரிஸ் ரிவ்யூ நேர்காணலில் சொன்னார். அவருடைய கைப்பிரதிகளிலிருந்து எடுத்து, 2012இல் வந்த பதிப்பில் 47 முடிவுகளை அச்சிட்டார்கள். நாம் குறைந்தது நான்கு எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள்.

உங்கள் கதைக்கு ஒன்று: கடிதத்தை இருவரும் சேர்ந்து படிக்கட்டும், ஆனால் வாசகர் அதைப் படிக்க வேண்டாம். 15இல் முதுகுக்குப் பின்னால் போன கை இருக்கிறதே, அதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கை முன்னால் வரும் இடம் எதுவோ, அங்கே நிறுத்திப் பாருங்கள்.

#22 வினையெச்சம்

முற்றுவினை "நீட்டினாள்" ஆக இருக்கட்டும். "கொடுத்தாள்" வேண்டாம். கொடுத்தாள் என்றால் அவன் வாங்கிக்கொண்டான் என்று ஆகிவிடும்.